வலப்பக்கம் ஏழு கீறல்

வடக்கே இருந்து வந்த ஹவுசாக்காரர்கள் இபாதான் நகரில் குடியிருக்கும் எங்கள் சபோவில் பராவுவிடம் தலையைக் கொடுக்காத ஆண்பிள்ளை கிடையாது. பராவு மட்டும் யாரிடமும் தன் தலையைக் கொடுத்ததில்லை. கையளவு கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, பின்மண்டையைத் தடவித் தடவித் தானே வழித்துக்கொள்வார். இன்னொருத்தன் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டுத் தொண்டையைக் காட்டிக்கொண்டு உட்கார எனக்கென்ன பைத்தியமா என்பார்.

அப்படியொரு பிறவி. பால்காரி கொண்டுவரும் பாலில் ஒரு சொட்டை நகத்தின் மேல் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்க்காமல் வாங்க மாட்டார். மசூதியில் செருப்பைக் கழற்றினால் ஒன்றை ஒரு வாசலிலும் மற்றதை இன்னொரு வாசலிலும் விடுவார். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான்? வீட்டில் குழம்பு வந்தால் முதல் வாய் மனைவி தலாத்து சாப்பிட வேண்டும். அவளும் சலிக்காமல் சாப்பிட்டுக் காட்டுவாள். “இருபத்தஞ்சு வருஷமா விஷம் வைக்க நேரமே கெடைக்கலே. இன்னிக்குத்தான் வச்சிருக்கேன், சாப்பிடுங்க,” என்பாள்.

இந்தக் குணமே அவருக்குச் சோறு போட்டது என்றும் சொல்லலாம். அவர் நாவிதர். பிள்ளை பிறந்த ஏழாம் நாள் பெயர் வைக்கும்போது, ஆட்டை அறுத்து, மெல்லுவதற்குக் கோலாக் கொட்டை வழங்கி, பிள்ளையின் தலையை வழிப்பதும், தகப்பன் ஊர் வழக்கப்படி முகத்தில் அடையாளக் கீறல் போடுவதும் அவர் கைதான். போட்டுப் போட்டு, போட்டதையெல்லாம் படிக்கவும் கற்றுக்கொண்டார். புதிதாக வந்தவன் எதிரே உட்கார்ந்தால் போதும்: இவன் எந்த ஊர், எந்தத் தலைக்கட்டு, கீறியவன் அவசரக்காரனா நிதானக்காரனா என்றெல்லாம் சொல்லிவிடுவார். வடக்கே இருந்து வருகிற மாட்டு வியாபாரியோ கோலா வியாபாரியோ, யாரானாலும் சபோவில் ஒரு மைகிடா வீட்டில் தங்கினால்தான் பிழைப்பு. மைகிடா என்றால் வீட்டுக்காரர். விருந்தாளிக்கு அறை கொடுத்து, ‘இவன் என் ஆள்’ என்று ஊருக்குச் சொல்கிறவர். அந்த ஒரு வார்த்தை இல்லாதவனுக்கு இந்த ஊர் யொருபாக்காரனும் சரக்கு கொடுக்க மாட்டான், எங்கள் ஆளும் கொடுக்க மாட்டான். சந்தேகம் வந்தால் மைகிடாக்கள் பராவுவைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருடத்தில் அவர் வாக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை என்று பெயர்.

பராவு இபாதானுக்கு வந்தபோது சபோ உண்டாகி ஐந்தாறு வருடம்தான் ஆகியிருந்தது. மண்சுவர்கள் ஈரம் காயவில்லை. வடக்கே கட்சினாப் பக்கம் தங்குமா என்ற சிற்றூரிலிருந்து அவரும் செகராவும் ஒன்றாக ரயிலேறி வந்தார்கள். ஒரே தெரு, ஒரே வயது, இருபத்தொன்று. செகராவு கோலா கட்டும் வேலைக்குப் போனான்: கூடையில் பச்சை இலையை அடுக்கி, கொட்டை வாடாமல் கானோ வரை போய்ச் சேரும்படி கட்டுகிற வேலை. இலை கொண்டுவரும் அசாபி என்ற யொருபாப் பெண்ணை, எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நிக்காஹ் செய்துகொண்டு, அவள் வீட்டுப் பக்கம் ஓஜே என்ற யொருபாப் பேட்டையில் குடியிருந்தான். பிறகு சரக்கோடு கானோ போனவன் காய்ச்சல் கண்டு அங்கேயே செத்துப்போனான். பராவு இதற்கு மேல் சொல்ல மாட்டார். யாராவது கேட்டால், பிடிக்காத வாசனை வந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியைத் தீட்டத் தொடங்கிவிடுவார்.

லபரான் வந்தது பராவுவுக்கு ஐம்பத்தொரு வயதாகும்போது.

அதற்கு முந்தின வருடம்தான், ஹவுசாக்காரன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவன் வேறொரு வீட்டின் இரண்டு காளைகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தான். அதனால் கதவுகள் இறுகியிருந்த நேரம். ஜிப்ரின் மைகிடா வீட்டு வாசலில் முப்பதை நெருங்கும் ஒருவன் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, தலையில் குல்லா, நல்ல ஹவுசா. பெயர் லபரான், தொழில் கோலா கட்டுவது, ஊர் தங்குமா என்றான். ஜிப்ரின் அவனைப் பந்தலில் உட்கார வைத்துவிட்டு நேராகப் பராவுவைத் தேடி வந்தார். “உங்க ஊர்க்காரனாம். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அப்புறம் அவனுக்கு அறை குடுக்கறதா, வெளிய அனுப்பறதான்னு சொல்லியாகணும். நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்,” என்றார்.

தங்குமா என்றதுமே பராவுவுக்கு மூக்கு வியர்த்தது. தங்குமாவில் மொத்தம் நாற்பது வீடு. அதிலிருந்து ஒருவன் இபாதானுக்கு வருகிறான், தனக்குத் தெரியாமலா?

போய் எதிரே உட்கார்ந்தார். தங்குமாவில் கிணறு எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றான். சரிதான், ஆனால் எந்த ஊரில்தான் இரண்டு கிணறு இல்லை? மசூதிக்கு எந்தப் பக்கம் புளியமரம் என்றார். சின்ன வயதிலேயே கிளம்பிவிட்டேன், நினைவில்லை என்றான். பேச்சில் பிழை இல்லை. பிழையே இல்லாததுதான் உறுத்தியது. எங்கள் ஊர்க்காரன் வாயில் சொல் உருண்டு வரும், இவனோ ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினான். சாப்பிட்ட தட்டில் எலும்பை இடது ஓரமாக ஒதுக்கினான், அதையும் மனத்தில் குறித்துக்கொண்டார். கையைப் பார்த்தார். நகக்கண்ணில் இலைக்கறை. அதுவும் நேற்றைய கறை இல்லை, பால்குடி மறந்த நாளிலிருந்து இலையோடு புழங்கியவனுக்கு ஏறும் கறை.

“தலையைக் காட்டு, வழிச்சு விடறேன். பயணக் களைப்பு போகும்,” என்றார்.

தலையை வழித்துக்கொண்டே முகத்தைப் படித்தார். தங்குமாக்காரர்களுக்கு வாயோரத்திலிருந்து விரிகிற மெல்லிய கீறல்கள்: வலக்கன்னத்தில் ஆறு, இடக்கன்னத்தில் ஏழு. ஏழாம் நாள் போட்ட கீறல் முகத்தோடு சேர்ந்து வளரும்; பிஞ்சுச் சுரைக்காயில் நகம் பட்ட தடம் போல அகன்று, ஆழமில்லாமல், தோலோடு தோலாகக் கிடக்கும். இவன் முகத்தில் இருந்தவை குறுகலாக மேடு தட்டியிருந்தன. வளர்ந்த பிறகு போட்டவை. அதுவும் மேலிருந்து கீழே இழுத்த கை. எங்கள் ஆள் எவனும் அப்படி இழுக்க மாட்டான்; யொருபா நாவிதன் கை. எல்லாவற்றுக்கும் மேலே, கணக்கே தலைகீழ். வலப்பக்கம் ஏழு, இடப்பக்கம் ஆறு.

மாட்டிக்கொண்டாயடா என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டார் பராவு. ஒரு திருட்டுப் பயலைக் கண்டுபிடித்தால் அவருக்கு வருகிற சந்தோஷம் பெருநாளுக்குக்கூட வராது. இன்னும் ஒருமுறை எண்ணிவிடுவோம் என்று வலக்கன்னத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து தடவிக்கொண்டே வந்தார். ஏழாவது கோடு பாதியிலேயே நின்றுபோயிருந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது.

தங்குமாவில் எல்லோருக்கும் ஏழாவது கோடு முழுசாகத்தான் இருக்கும். ஒரே ஒருவனுக்கு மட்டும் பாதி. பிள்ளை தலையைத் திருப்பிவிட்டது, கத்தி வழுக்கிவிட்டது. அந்தக் கத்தி பராவுவின் தகப்பனாருடையது. அந்தக் கிழவரைச் சாகும்வரை ஊர் கேலி செய்தது அந்தப் பாதிக் கோட்டை வைத்துத்தான். அந்தக் கோடு செகராவுவின் இடக்கன்னத்தில் இருந்தது. வாரா வாரம் பராவு அதன் மேல் தண்ணீர் தடவி வழித்திருக்கிறார்.

“என்ன பாபா, கை நின்னுடுச்சு?” என்றான் லபரான்.

“கத்தி மொட்டை,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அன்றைக்குத் தலாத்து குழம்பு கொண்டுவந்து வைத்து, வழக்கம்போல ஒரு வாய் எடுத்துக்கொள்ளக் கை நீட்டுவதற்குள் அவர் பாட்டுக்குச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அவள் பயந்தே போனாள். என்ன என்று துளைத்துத் துளைத்துக் கேட்டதில் எல்லாவற்றையும் சொன்னார், இத்தனை வருடம் அவளிடமும் சொல்லாததை.

செகராவு கானோவுக்கு ரயிலேறிய பிறகு அசாபிக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் வந்து தலை வழித்து, தகப்பன் ஊர்க் கீறல் போட்டுக் கொடுக்கும்படி ஓஜேயிலிருந்து ஆள் வந்தது. வருகிறேன் என்று பராவுவும் சொல்லி அனுப்பினார். அப்புறம்தான் விரல்விட்டு எண்ணினார். ரயிலேறிய நாளிலிருந்து பதினோரு மாதம். மறுபடி எண்ணினார், அதே பதினோரு மாதம். யாரோ பெற்ற பிள்ளைக்கு என் நண்பன் முகத்தைக் கொடுப்பேனா என்று கத்திப்பையைக் கட்டி ஆணியில் மாட்டினார். ஏழாம் நாள் அவர் போகவில்லை. மைகிடாவிடமும் கேட்கவில்லை, மௌலவியிடமும் கேட்கவில்லை. பராவு போகவில்லை என்றால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று சபோவே அந்த வாசல் பக்கம் திரும்பவில்லை.

தலாத்து குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். பிறகு, “எண்ணத் தெரியுதே, போய்ப் பாக்கத் தெரியலையா?” என்றாள்.

மறுநாள் காலை பராவு ஓஜேக்கு நடந்தார். மனம் உருகிப் போனார் என்று நினைக்க வேண்டாம். சந்தேகம்தான் இழுத்துக்கொண்டு போனது. அந்த முகத்தை எங்கேயாவது பார்த்துக் காப்பியடித்தவனாகவும் இருக்கலாமே? ஆனால் தலைகீழான கணக்கு அவரை விடவில்லை. எதிரே உட்கார்ந்து நாள்தோறும் ஒரு முகத்தைப் பார்த்தவள் சொல்லி, அதைக் கேட்டு ஒருவன் கீறினால்தான் இடம் வலமாகும். பாதிக் கோடும் விட்டுப்போகாது.

அசாபி தன் கடையில் இலைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, பழுப்பைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. அவரைக் கண்டதும் எழுந்திருக்கவும் இல்லை, கிள்ளுவதை நிறுத்தவும் இல்லை.

“ஏழாம் நாள் வர்றேன்னு சொன்ன ஆளுதானே நீ? வா. கொஞ்சம் நேரமாயிடுச்சு.”

பராவுவுக்கு உட்காரச் சொல்வாள் என்ற நம்பிக்கை இல்லை. முந்தின நாள் லபரானுக்குத் தலை வழித்ததைச் சொல்லி, நின்றுகொண்டே கேட்டார்: அந்தக் கீறல் யார் போட்டது? அவள் மறைக்கவில்லை. அன்றைக்கு ஆட்டைக் கட்டி, குடுவையில் தண்ணீர் வைத்து, வெயில் சாயும்வரை காத்திருந்தார்களாம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்களாம். கடைசியில் பக்கத்து வீட்டில் கத்தி வாங்கித் தானே பிள்ளையின் தலையை வழித்தாளாம். கீறல் போட அவளுக்குக் கை வரவில்லை. பிள்ளை வெறும் முகத்தோடு வளர்ந்தான். ஓஜே பிள்ளைகள் அவனைக் கம்பாரி, வடக்கத்தியான் என்று விரட்டினார்கள். சபோப் பக்கம் போனால் அங்கே யொருபாப் பயல் என்று விரட்டினார்கள். மாட்டுச் சந்தையில் கிடந்து ஹவுசா கற்றுக்கொண்டான். இருபது வயதில் வந்து, அப்பா முகம் எப்படி இருக்கும் என்று கேட்டான். அவள் கரிக்கட்டியை எடுத்துச் சுவரில் வரைந்து காட்டினாள். அதைப் பார்த்து ஓஜே நாவிதர் ஒருவர் கீறிவிட்டார்.

“என் கண்ணுக்கு எந்தப் பக்கம் எப்படித் தெரிஞ்சுதோ அப்படித்தான் வரைஞ்சேன். தப்பா?” என்றாள்.

பராவுவின் நாக்கின் நுனியில் பதினோரு மாதம் இருந்தது. அதைக் கேட்டுவிட வேண்டும் என்று வாய் துடித்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. இத்தனை காலத்தில் கேள்வி கேட்க அவர் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

“உன் பேரை அவன்கிட்ட நான் சொல்லலே,” என்றாள் அசாபி. “சொல்லியிருந்தா உன் கத்திக்குத் தலையைக் குடுத்திருப்பானா? அங்க அவனுக்கு ஒரு அறை வேணும், அவன் அப்பன் தொழில் வேணும். என்னை வச்சுக் கேட்டா வாசலோட அனுப்பிருவாங்கன்னு பொய் ஊரு சொல்லிட்டுப் போயிருக்கான். நீ போய் உண்மையச் சொன்னாலும் சரி, வழக்கம்போல வராம இருந்தாலும் சரி. எனக்குப் பழக்கம்தான்.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜிப்ரின் வீட்டு முற்றத்தில் பத்து இருபது பேர் கூடினார்கள். லபரான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் பயணப் பை பக்கத்திலேயே கட்டித் தயாராக இருந்தது. பராவு கத்திப்பையோடு வந்து உட்கார்ந்தார். வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. போலிக் கீறல், வெளியே அனுப்புங்கள் என்று நாலு சொல் சொன்னால் முடிந்தது. அதில் பொய்கூடக் கிடையாது. முப்பது வருடப் பெயரும் பழுதில்லாமல் இருக்கும்.

“சொல்லுங்க. அந்த முகம் யார் கை?” என்று கேட்டார் ஜிப்ரின்.

“ஓஜே கை,” என்றார் பராவு. லபரான் தலை குனிந்தது. “பெரிய ஆளானதுக்கு அப்புறம் போட்டது. பக்கம் மாத்திப் போட்டது. இவன் தங்குமாவைக் கண்ணாலகூடப் பாத்ததில்லே.”

முற்றத்தில் சலசலப்பு எழுந்தது. லபரான் பையைக் கையில் எடுத்தான்.

“உக்காருப்பா. நான் முடிக்கலே,” என்றார் பராவு. “போட்டது ஓஜே கை. போட வேண்டியது என் கை. இது செகராவு வீட்டுப் பிள்ளை. ஏழாம் நாள் வர்றேன்னு சொல்லிட்டுப் போகாம இருந்தவன் நான்தான்.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார், பதினோரு மாதம் உட்பட. ஜிப்ரின்தான் தாடியை உருவிக்கொண்டே கேட்டார்.

“இப்ப மட்டும் எப்படி நம்பறீங்க?”

“நம்பலே. எனக்கு நம்ப வராது, அது என் பிறவி. ஆனா என் நம்பிக்கையை யாரு கேட்டா? தலையை வழிக்கத்தானே கூப்பிட்டாங்க.”

ஜிப்ரின் சிரிக்காமல் கேட்டார்: “செகராவுக்கு ஏன் அந்தப் பேரு வச்சாங்க?”

பராவு திகைத்தார். ஊரே அறிந்த சங்கதி அது. தாய் வயிற்றில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த பிள்ளைக்குத்தான் எங்களில் அந்தப் பெயர். தங்குமாவில் அதைச் சொல்லிச் சொல்லியே அவனைச் சோம்பேறி என்று கேலி செய்வார்கள். முதல் ஆளாகக் கேலி செய்தவர் பராவு.

“அப்பன் ஒரு வருஷம் கெடந்தானாம், அதை ஊரே நம்புச்சாம். மகன் பதினோரு மாசம் கெடந்தா உங்களுக்கு எங்க வலிச்சுது?” என்றார் ஜிப்ரின். “வயித்துல தூங்குற பிள்ளை நம்மாளுங்களுக்குப் புதுசா? பொண்டாட்டி பெத்தா புருஷன் பிள்ளை. அன்னிக்கு மைகிடாவா இருந்த எங்கப்பாகிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஆட்டுக்கறி ஆறுறதுக்குள்ள சொல்லியிருப்பாரு.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பராவு நிமிரவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு, அறை உண்டு, இவன் என் ஆள் என்று ஜிப்ரின் உரக்கச் சொன்னார். பெயர்நாள் நடக்காத பிள்ளைக்கு இன்றைக்கே நடத்திவிடலாம் என்று கோலாக் கொட்டை எடுத்து வரச் சொன்னார். பராவு பையைப் பிரித்துக் கத்தியை எடுத்தார்.

லபரான் எழுந்து வந்து எதிரே நின்றான். கண் சிவந்திருந்தது. “அந்த ஆளு நீங்கதானா,” என்றான் மெல்ல. பிறகு கையை நீட்டினான். “கத்தியை இங்க குடுங்க. மொதல்ல உங்க தலை.”

பராவு யாரிடமும் தலையைக் கொடுத்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு நாவிதத் தொழிலும் தெரியாது. இத்தனை வருடம் பட்டதெல்லாம் அவன் நெஞ்சில் இருக்கிறது. கத்தியோ அன்று காலைதான் தீட்டியது. பராவு ஜிப்ரினைப் பார்த்தார். ஜிப்ரின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பராவு கத்தியைக் கொடுத்தார், குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். தண்ணீர் பட்டதும் உடம்பெல்லாம் கூசியது. கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போகிறது, காதைச் சுற்றுகிறது, கழுத்துக்கு இறங்குகிறது என்று ஒவ்வொரு விரற்கடையாக அவர் எண்ணிக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் ஓரிடத்தில் சுருக்கென்றது. ரத்தம் ஒரு சொட்டு வந்தது. லபரான் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான், நிற்கும்வரை.

அப்புறம் பராவு அவன் தலையை வழித்தார். கீறலைத் திருத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அம்மா பார்த்தபடியே இருக்கட்டும் என்றான்.

பெயர்நாள் கோலாவில் தாய்க்கு ஒரு பங்கு உண்டு. அதை நானே கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டு, நல்ல சிவப்புக் கொட்டைகளாக ஏழு பொறுக்கி, இலையில் சுற்றி, பராவு அன்றைக்கே ஓஜேக்குப் போனார். அசாபி அவருடைய மொட்டைத் தலையையும் காதுக்குப் பின்னால் இருந்த காயத்தையும் பார்த்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், புழுத்துளை இருக்கிறதா என்று. நகத்தால் கீறினாள். முகர்ந்தாள். ஏழையும் அப்படியே பார்த்தாள். பராவு நின்றுகொண்டே இருந்தார். பால்காரி ஞாபகம் வந்தது அவருக்கு, தினமும் வாசலில் அவள் இப்படித்தானே நிற்பாள் என்று.

அசாபி எல்லாவற்றையும் மறுபடி இலையில் சுற்றினாள்.

“இப்பத் தின்ன மாட்டேன். ஏழு நாள் இருக்கட்டும். உள்ள புழு இருந்தா அதுக்குள்ள வெளிய வந்துரும். இல்லேன்னா, நீ வா, உடைச்சு ஆளுக்குப் பாதி தின்னலாம்.”

அந்த ஏழு நாளும் பராவு எண்ணினார். நடுவில் தலாத்துவிடம் இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். ஏழாம் நாள் பொழுது விடிந்ததும் காலைத் தொழுகையை முடித்துக்கொண்டு, தலாத்து வைத்த கூழைப் பாதி குடித்தும் குடியாமலும் கிளம்பினார். அசாபி இலைக்கட்டைப் பிரிப்பதற்கு முன்பே அவள் கடை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.